மெல்ல மெல்ல இழப்பது

கல்யாணப் பந்தி முடிந்து எல்லோரும் எழும் நேரத்தில் இலைகளைப் பாருங்கள். இளவட்டங்களின் இலையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காய்ச் சக்கையும்தான் ஒதுங்கிக் கிடக்கும். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுபத்தைந்து வயதுப் பாட்டியின் இலை வேறு கதை சொல்லும். பீன்ஸ் பொரியல் வைத்தது வைத்தபடி இருக்கும். வடையின் ஓரம் மட்டும் விண்டிருக்கும். அவியலில் உருளைக்கிழங்கு போயிருக்கும். கொத்தவரங்காயும் முருங்கைக்காயும் அப்படியே இருக்கும். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிட்டிருப்பார். பாயசம் இரண்டு முறை வாங்கியிருப்பார்.

“என்ன பாட்டி, எதையுமே தொடலையே?” என்று பேரன் கேட்டால், “வயசாயிடுச்சுடா கண்ணு, முன்ன மாதிரி பசி இல்ல” என்பார்.

பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவருக்குப் பசி இல்லாமல் இல்லை. அவருக்குக் குறைந்துபோனது மெல்லும் திறன். ஒதுக்கிய பதார்த்தங்களைக் கூட்டிப் பார்த்தால் நார்ச்சத்தும் புரதமும் இலையிலேயே தங்கிவிட்டன. மாவுச்சத்தும் சர்க்கரையும் மட்டும் வயிற்றுக்குப் போயிருக்கின்றன. ஒரு நாள் விருந்தில் இது பெரிய விஷயம் ஆகாது. வீட்டில் மூன்று வேளையும், ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் அந்த உடம்பு என்ன ஆகும்?

தமிழில் ‘மெல்ல’ என்ற ஒரே ஒலிக்கு இரண்டு பொருள். ஒன்று பல்லின் வேலை; இன்னொன்று, சத்தமில்லாமல் சிறிது சிறிதாக என்பது. முதுமையில் மெல்லும் திறன் மெல்லவே போகிறது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பல நேரம் அதை இழப்பவருக்கே தெரிவதில்லை.

வாய்க்குள் ஓர் ஆட்டுக்கல்

ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தவர்களுக்கு மெல்லுவதை விளக்கத் தேவையில்லை. அங்கே நான்கு பேர் கூட்டாக வேலை செய்கிறார்கள். கல்லும் குழவியும் நசுக்குகின்றன. ஒரு கை குழவியைச் சுழற்றுகிறது. இன்னொரு கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைத் திரும்பத் திரும்பக் குழிக்குள் தள்ளுகிறது. அவ்வப்போது தெளிக்கும் தண்ணீர் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது.

வாயிலும் இதே நால்வர்தான். பற்கள் கல். தாடைத் தசைகள் குழவி சுற்றும் கை. நாக்கும் கன்னமும் மாவு தள்ளும் கை. உமிழ்நீர் தண்ணீர்.

வளர்ந்த மனிதருக்கு முழு வரிசை என்றால் 32 பற்கள். முன்னால் உள்ள 8 வெட்டுப்பற்கள் உணவைக் கடித்துத் துண்டாக்குகின்றன. 4 கோரைப்பற்கள் கிழிக்கின்றன. 8 முன்கடைவாய்ப் பற்களும் 12 கடைவாய்ப் பற்களும் அரைக்கின்றன. ஒவ்வொரு பல்லின் வேரையும் தாடை எலும்போடு பிணைத்து நிற்கிறது ஒரு நார்ச்சவ்வு. அதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஆனால் அதில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. சோற்றில் கிடக்கும் சின்னஞ்சிறு மணல் துகளைப் பல் கண்டுபிடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் தாடையை நிறுத்திவிடுவது இந்தச் சவ்வின் வேலை.

பற்கள் நசுக்கியதை நாக்கு புரட்டுகிறது, சலிக்கிறது. இன்னும் அரைபடாத துண்டைப் பல்லுக்கு அடியில் திரும்பத் தள்ளுகிறது. உமிழ்நீர் எல்லாவற்றையும் ஒட்டி வழவழப்பான உருண்டையாக்குகிறது. உருண்டை பதமானதும் நாக்கு அதைத் தொண்டைக்கு அனுப்புகிறது. நால்வரில் யார் தளர்ந்தாலும் மாவு நறநறவென்றுதான் இருக்கும். பாட்டிக்குச் சாப்பிட முடியவில்லை என்றதும் நாம் கல்லை மட்டும் பார்க்கிறோம். மற்ற மூவரையும் விசாரிப்பதே இல்லை.

கல் ஏன் உதிர்கிறது?

முதலில் கல்லிலிருந்தே தொடங்குவோம். “வயசானா பல்லு விழத்தானே செய்யும்” என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது சரியல்ல. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சான எனாமல். முடி நரைப்பதைப் போலப் பல் உதிர்வது வயதின் இயல்பு அல்ல. பெரும்பாலான பற்களை நாம் இழப்பது சொத்தையாலும் ஈறு நோயாலும்தான். இரண்டுமே பெருமளவு தடுக்கக்கூடியவை. புகையிலை ஈறு நோயை வளர்க்கிறது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் ஈற்றைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர விடாமல் தடுக்கிறது. வயதில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்போது, எனாமல் கவசம் இல்லாத அந்த இடத்தில் சொத்தை எளிதாக நுழைகிறது.

ஒரு பல் விழுந்தால் போவது ஒரு பல் மட்டும் அல்ல. அதற்கு நேர் எதிரே உள்ள பல்லுக்கும் வேலை போய்விடுகிறது. குழவி இல்லாத கல் எதை அரைக்கும்? ஆகவே எத்தனை பல் இருக்கிறது என்பதோடு, எத்தனை ஜோடி ஒன்றையொன்று சந்திக்கிறது என்பதும் முக்கியம். 20 பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவுகளைச் சமாளிக்கலாம் என்பது பல் மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு தேசமே கையில் எடுத்தது. 1989-இல் ஜப்பானின் சுகாதார அமைச்சகமும் அந்நாட்டின் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ‘8020’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பது இலக்கு. அன்றைக்கு அந்த வயதில் 20 பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் அது பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் வந்த மாற்றம் இது. பல் போவது விதி என்றால் இது நடந்திருக்க முடியாது.

கை, நாக்கு, எச்சில்

கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை புடைத்து எழும். நெற்றிப்பொட்டில் வைத்தால் அங்கேயும் ஒன்று அசையும். குழவியைச் சுழற்றும் கைகள் இவை. கால் தசையும் தோள் தசையும் வயதில் மெலிவதைப் போல இவையும் மெலிகின்றன. வேலை கொடுக்காவிட்டால் இன்னும் வேகமாக மெலிகின்றன.

இங்கேதான் ஒரு சுழல் உருவாகிறது. கடிக்கச் சிரமமாக இருப்பதால் மெதுவான உணவுக்கு மாறுகிறோம். மெதுவான உணவு தாடைக்கு வேலை தருவதில்லை. தாடைத் தசை தளர்கிறது. முன்பு சமாளிக்க முடிந்த இட்லிப் பொடி தடவிய தோசையின் முறுகல் ஓரமும் இப்போது கடினமாகிறது. அதையும் விடுகிறோம். இதற்கிடையே புரதம் குறைவதால் உடம்பு முழுவதிலும் தசை கரைகிறது. தாடையில் ஆரம்பித்த தளர்ச்சி முழங்காலில் வந்து நிற்கிறது.

அடுத்து, தள்ளும் கையான நாக்கு. ஜப்பானில் பல் மருத்துவர்கள் முதியவரின் வாயில் சின்னக் காற்றுப்பை ஒன்றை வைத்து, அண்ணத்தோடு சேர்த்து நாக்கால் அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தம் 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் நாக்கு தளர்ந்திருக்கிறது என்று கொள்கிறார்கள். இன்னொரு சோதனைக்குக் கருவிகூட அவ்வளவாகத் தேவையில்லை. ‘ப’, ‘த’, ‘க’ என்ற ஒலிகளை ஒவ்வொன்றாக, முடிந்த வேகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து எண்ணுகிறார்கள். நொடிக்கு 6 முறைக்குக் குறைந்தால் அது ஓர் எச்சரிக்கை. ஏன் இந்த மூன்று ஒலிகள்? தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். ‘ப’ இதழில் பிறக்கிறது. ‘த’ பல்லின் அடியை நுனிநா தொடுவதால் பிறக்கிறது. ‘க’ அடிநா அண்ணத்தைத் தொடுவதால் பிறக்கிறது. உணவை வாய்க்குள் பிடித்து வைப்பது இதழ், புரட்டுவது நுனிநா, தொண்டைக்குத் தள்ளுவது அடிநா. பேசும் உறுப்புகளும் உண்ணும் உறுப்புகளும் ஒன்றே. பல் போனால் சொல் போச்சு என்றார்கள் நம் முன்னோர். நாக்குத் தளர்ந்தாலும் சொல்லும் சோறும் சேர்ந்தே தளர்கின்றன.

நான்காவது, தண்ணீர். நலமாக இருப்பவருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. முதியவர்களின் வாய் வறண்டு போவதற்கு வயதைவிட மருந்துகளே பல நேரம் காரணம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சிலவகை மாத்திரைகள், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், ஒவ்வாமைக்கும் சளிக்கும் எடுப்பவை என்று இந்தப் பட்டியல் நீளும். நான்கைந்து மாத்திரைகளை ஒன்றாக எடுப்பவருக்கு ரொட்டித் துண்டு ஒன்றை விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். எச்சில் குறைந்தால் சொத்தையும் பெருகும். அப்போது கல்லும் கெடுகிறது. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. “வாய் காய்ந்துபோகிறது” என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் மருந்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

காஷிவா நகரத்து முதியவர்கள்

டோக்கியோவுக்கு அருகே, சிபா மாகாணத்தில் காஷிவா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே தங்கள் வீடுகளில் பிறர் உதவியின்றி வாழ்ந்துவந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,011 பேரை டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பற்களின் எண்ணிக்கை, மெல்லும் திறன், நாக்கின் அழுத்தம், ஒலிக்கும் வேகம், கடினமான உணவை உண்பதில் சிரமம், விழுங்குவதில் சிரமம் என்று ஆறு அளவுகோல்கள். இவற்றில் மூன்றிலாவது பின்தங்கியவர்களுக்கு ‘வாய் நலிவு’ இருப்பதாகக் கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் 16 விழுக்காடு.

2018-இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. வயது முதலிய மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், வாய் நலிந்தவர்களுக்கு உடல் நலிவும் தசை இழப்பும் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பிறர் பராமரிப்பு தேவைப்படும் நிலைக்குப் போவதும் அப்படியே. நான்காண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். வாய் நலிந்ததால்தான் உடல் நலிந்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. உடம்பில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட தளர்ச்சி முதலில் வாயில் தலைகாட்டியும் இருக்கலாம். பல் இழப்புக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால் எது காரணம், எது விளைவு என்ற கேள்வி தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாய் சொல்லும் செய்தி முன்கூட்டியே வருகிறது என்பதே நமக்குப் போதுமான பயன். வீட்டுக்குள் முதலில் மணி அடிக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு.

2024-இல் ஜப்பானின் முதியோர் மருத்துவ, பல் மருத்துவ அமைப்புகள் இந்தச் சோதனையை ஐந்து எளிய கேள்விகளாகச் சுருக்கின. சொந்தப் பற்கள் 20-க்குக் குறைவா? ஆறு மாதங்களுக்கு முன்பு இருந்ததைவிடக் கடினமானதை உண்பது சிரமமாகிவிட்டதா? தேநீரோ சூப்போ குடிக்கும்போது புரையேறுகிறதா? வாய் வறட்சி தொல்லை தருகிறதா? முன்போலத் தெளிவாகப் பேச வரவில்லையா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் கவனம் தேவை. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம்.

பல்செட்: தொடக்கம் மட்டுமே

பல் போனவருக்குப் பல்செட் பெரிய வரம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முழுப் பல்செட் அணிந்தவரின் கடிக்கும் விசை, சொந்தப் பல் உள்ளவரின் விசையில் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். உணரும் நார்ச்சவ்வு பல்லோடு போய்விட்டதால் அழுத்தத்தை ஈறுதான் தாங்கி உணர வேண்டும். மேல் பல்செட் அண்ணத்தை மூடுவதால் உணவின் சூடும் பதமும் முன்போலத் தெரியாது. பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை உணவைச் சிறு துண்டுகளாக்கி, இரு பக்கத்துக் கடைவாயிலும் சமமாக வைத்து மெல்ல வேண்டும்.

பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகிறது. முதல் ஆண்டில் வேகம் அதிகம். நீண்டகாலக் கணக்கில் கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது. கீழ் பல்செட் மட்டும் எப்போதும் ஆடுவதன் காரணம் இது. ஐந்தாண்டுகளுக்கு முன் அளவெடுத்தது இன்று பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. அதை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடாமல், மருத்துவரிடம் கொண்டுபோய் உட்புறத்தைச் சரிசெய்து வாங்க வேண்டும். வசதி உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் பொருத்தி அதன்மேல் பல்செட்டை மாட்டும் முறை நல்ல பலன் தருகிறது. வசதி இல்லாதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். கேரளத்தில் ஏழை முதியவர்களுக்குப் பல்செட் வைத்துக்கொள்ள அரசே பணம் தரும் ‘மந்தஹாசம்’ திட்டம் நடக்கிறது. சிரிப்பையும் சோற்றையும் சேர்த்துத் திருப்பித் தரும் அத்தகைய திட்டம் எல்லா மாநிலங்களுக்கும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல்செட் கிடைத்ததும் சாப்பாடு தானாக மாறிவிடுவதில்லை. பத்தாண்டுகளாகக் காயை ஒதுக்கிப் பழகிய நாக்கு, பல் வந்த பிறகும் ஒதுக்கும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிய பல்செட்டோடு உணவு ஆலோசனையும் பெற்றவர்கள், வெறும் பல்செட் மட்டும் பெற்றவர்களைவிடக் காயும் பழமும் கூடுதலாக உண்டார்கள். பல்லைக் கொடுத்தால் போதாது; தட்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அடுப்படியில் செய்ய வேண்டியது

“கடிக்க முடியல” என்றதும் நாம் பாலில் ரொட்டியை நனைத்துக் கொடுக்கிறோம். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிறோம். ரவைக் கஞ்சி காய்ச்சுகிறோம். இவை வயிற்றை நிரப்பும். நலமுள்ள முதியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 50 முதல் 60 கிராம். ஒரு டம்ளர் பாலும் இரண்டு துண்டு ரொட்டியும் தருவது சுமார் 10 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, உணவை மாற்றாமல் அதன் பதத்தை மாற்றுவதே வழி. பீன்ஸைப் பொடியாக நறுக்கிக் கூடுதலாக ஒரு விசில் விடுங்கள். கீரையை மசியுங்கள். சுண்டலைக் குழைய வேகவைத்துக் கரண்டியால் மசித்துத் தாளியுங்கள். முட்டையைப் பொடிமாஸாக்குங்கள். மீனை முள் நீக்கிக் குழம்பிலேயே வேகவிட்டுக் கொடுங்கள். கறி வேண்டுமென்றால் கொத்துக்கறியாக வாங்குங்கள். வேர்க்கடலையைத் துவையலாக அரையுங்கள். கொய்யா கடினமென்றால் பப்பாளி இருக்கிறது.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிவிடுவது கடைசிப் படியாக இருக்கட்டும். பாதுகாப்பாக மெல்ல முடிந்த அளவுக்கு ஏதோ ஒன்றை மெல்ல விடுங்கள். தாடைக்கு அதுவே உடற்பயிற்சி. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழிக்கு அவசரமில்லாமல் சாப்பிடுவது என்றும் பொருள் உண்டு. வீட்டில் எல்லோரும் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டால், இருபது நிமிடம் தேவைப்படும் தாத்தாவும் பாதியில் கை கழுவிவிடுவார். அவர் முடிக்கும்வரை யாராவது ஒருவர் கூட உட்கார்ந்திருங்கள்.

அடிக்கடி புரையேறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசரம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது.

தமனிசியின் பொக்கைவாய்

ஜார்ஜியா நாட்டில் தமனிசி என்ற இடத்தில் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் பழைய மண்டையோடு ஒன்றும் அதற்குரிய தாடையும் கிடைத்தன. 2005-இல் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள். அந்த மனித மூதாதைக்கு ஒரே ஒரு பல்தான் மிச்சம். மற்ற குழிகளை எலும்பு வளர்ந்து மூடியிருந்தது; அதாவது பற்கள் போன பிறகும் சில ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நெருப்பில் சமைத்ததற்கு அங்கே தடயம் இல்லை. எப்படிச் சாப்பிட்டார்? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை போன்ற மெதுவான உணவு கிடைத்திருக்கலாம், கல்லால் நசுக்கித் தின்றிருக்கலாம், கூட இருந்தவர்கள் உதவியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உதவியதை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் கல் என்ன செய்யும் என்பதை அளந்திருக்கிறார்கள். உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அந்த இறைச்சியைக் கற்கருவியால் அரிந்தும் கிழங்கு வகைகளை இடித்தும் தின்றால், மெல்லும் தடவைகள் 17 விழுக்காடும், மெல்லத் தேவையான விசை 26 விழுக்காடும் குறைகின்றன என்று 2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் அம்மியும் உரலும், பொக்கைவாய்ப் பாட்டிகள் வெற்றிலை இடித்த சின்ன உரலும் அந்தக் கல்லின் வாரிசுகள். வாயால் முடியாததைக் கை செய்யும் வழக்கம் மனித இனத்தின் வயதுக்கு நெருங்கிய பழமை உடையது.

நம் கையில் இன்று கல்லைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. பல் மருத்துவம் இருக்கிறது, குக்கர் இருக்கிறது. குறைவாக இருப்பது கவனிப்பு மட்டும்தான். இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிட்டு எழுந்ததும் அவர் தட்டைப் பாருங்கள். எதை ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். “ஏன் சாப்பிடல?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு “பசி இல்ல” என்ற பதில் தயாராக இருக்கும். “கடிக்கக் கஷ்டமா இருக்கா?” என்று கேளுங்கள்.